சூடு தாங்குற கை

பொன்னுத்தாய் அத்தையைப் பற்றி வேறு யாராவது எழுதினால் நல்லதாக நாலு வார்த்தை எழுதிவிட்டுப் போவார்கள். நான் எழுதினால் என்னைப் பற்றியும் எழுதியாக வேண்டும். அதில் நல்லதாக ஒன்றும் கிடையாது. ஆட்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். ஊர்ப் பெயரைச் சொல்லப் போவதில்லை. கந்தர்வக்கோட்டைக்குப் பக்கம் என்பது போதும்.

அந்த ரோட்டில் பஸ்ஸில் போனவர்கள் எங்கள் கொட்டகைகளைப் பார்த்திருப்பார்கள். முன்னால் ஒரு பலகையில் பாக்கெட் போட்ட முந்திரிப்பருப்பு இருக்கும், பின்னால் புகை இருக்கும். புகைக்குள் உட்கார்ந்திருக்கிற பெண்களை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். கொட்டையைத் துளை போட்ட சட்டியில் கொட்டி அடியில் தீ வைத்தால் ஓட்டுக்குள் இருக்கிற எண்ணெய் கசிந்து கொட்டையே பற்றி எரியும். சரியான நேரம் பார்த்துக் கவிழ்த்து, மண்ணைப் போட்டு அணைக்க வேண்டும். சூடு இருக்கும்போதே கட்டையால் தட்டி உடைத்தால்தான் பருப்பு முழுசாக வரும் என்பது எங்கள் தெருவின் தீர்மானம். அந்த எண்ணெய் பட்டால் தோல் வெந்து போகும். அதற்காகக் கையில் சாம்பலைப் பூசிக்கொண்டு உட்காருவார்கள். எங்கள் தெருப் பெண்கள் ரேஷன் கடை மெஷினில் கைரேகை வைத்தால் மெஷின் பாதிப் பேரை ஏற்றுக்கொள்ளாது.

இந்தத் தெருவுக்கு வாக்கப்பட்டு வருகிற பெண்ணுக்கு ஒரு பரீட்சை உண்டு. முதல் நாள் கொட்டகைக்கு வந்ததும் மண்ணிலிருந்து எடுத்த கொட்டை ஒன்றை அவள் உள்ளங்கையில் வைத்து மற்றவர்கள் எண்ணுவார்கள். பத்து வரை தாங்கினால் கெட்டிக்காரி. சும்மா விளையாட்டுக்குத்தான் என்பார்கள். ஆனால் யார் சட்டிக்குப் பக்கத்தில் உட்காருவது, யார் ஓரத்தில் உட்கார்ந்து தோல் உரிப்பது என்பதெல்லாம் அந்த எண்ணிக்கையில்தான் முடிவாகும். சட்டிக்காரி சொன்னால்தான் அடுத்த ஈடு போடுவார்கள், அவள் எழுந்தால்தான் மற்றவர்கள் சாப்பிட எழுவார்கள். எங்கள் ஊரில் அது ஒரு பதவி.

பொன்னுத்தாய் அத்தை ஆவுடையார்கோவில் பக்கம். அப்பா வீட்டில் நெல் விவசாயம். நாகராசு மாமாவைக் கட்டிக்கொண்டு இங்கே வந்த முதல் நாள், இரண்டு எண்ணுவதற்குள் கொட்டையைக் கீழே போட்டுவிட்டாள். போட்டதோடு நிற்காமல் கையை உதறிக்கொண்டு கொட்டகையைச் சுற்றி ஓடினாளாம். அன்றைக்கே ‘நெல்லுக்கை’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். நெல் அளக்கத்தான் லாயக்கு என்ற கேலி. அந்தப் பெயர் இருபது வருஷத்துக்கு மேல் நிலைத்தது. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அத்தையின் உண்மையான பெயரே நெல்லுக்கை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவளும் கூடச் சேர்ந்து சிரிப்பாள். ஓரத்தில் உட்கார்ந்து தோல் உரிப்பாள், பாக்கெட் போடுவாள். ரொம்ப நாள் கழித்து ஒருமுறை என்னிடம் மட்டும் சொன்னாள், அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடும்போதெல்லாம் வயிற்றில் யாரோ கிள்ளுகிற மாதிரி இருக்கும் என்று.

நாலைந்து வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள், மண்ணைத் தள்ளிவிட்டு, மற்றவர்கள் கொஞ்சம் ஆறட்டும் என்று காத்திருக்கும்போதே அத்தை வலது கையின் பக்கவாட்டால் கொட்டைகளை அப்படியே வாரி இழுத்தாள். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. தெருவே வாயைப் பிளந்தது. மறுநாளும் செய்தாள், அதற்கு மறுநாளும் செய்தாள். இத்தனை வருஷம் கழித்துத் தொழில் கைக்கு வந்துவிட்டது என்றார்கள். அந்தப் பங்குனியில் அவளைச் சட்டிக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். நெல்லுக்கை என்ற பெயர் செத்தது. அத்தை நடையே மாறிப்போனது. தண்ணீர்க் குழாயில் தள்ளிவிடப்படுகிற ஆளாக இருந்தவள், வரிசையை ஒழுங்கு செய்கிற ஆளானாள். பார்க்க எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

இனி என் கதை. என் பெயர் பரிமளா. புதுக்கோட்டையில் பி.எஸ்ஸி. முடித்துவிட்டு இரண்டு வருஷம் வீட்டில் சும்மா இருந்தேன். சும்மா இருக்கிற படித்த பெண்ணுக்கு ஊரில் என்ன மரியாதை கிடைக்கும் என்று விளக்கத் தேவையில்லை. அப்போது ஒரு தனியார் இன்ஜினியரிங் கல்லூரியிலிருந்து ராம்நாத் சார் வந்தார். திருமயம் பக்கத்துக் குடும்பம், வளர்ந்ததெல்லாம் சென்னை. என்னைக்கூட ‘நீங்க’ என்றுதான் கூப்பிடுவார். மணிக்கட்டு வலிக்கு அவர் ஒரு பொருள் செய்திருந்தார். எங்கள் பெண்களுக்கு நாள் முழுக்கக் கட்டையால் தட்டித் தட்டி மணிக்கட்டும் முழங்கையும் வீங்கிக் கிடக்கும். அவர்களிடம் கொடுத்துப் பார்த்து எழுதித் தர ஊருக்குள் ஓர் ஆள் வேண்டும் என்றார். நான் ஆளானேன்.

அந்தப் பொருள் ஒரு தாள். கண்ணாடி மாதிரி மறுபக்கம் தெரியும். தோலில் வைத்தால் ஒட்டிக்கொள்ளும், ஒட்டியிருப்பதே தெரியாது. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் மட்டும் உள்ளே மயிரைவிட மெல்லிய வெள்ளி இழைகள் வலை போல மின்னும். ஓரத்தில் தீப்பெட்டி அளவில் ஒரு பேட்டரி. போனிலோ பேட்டரியில் இருக்கிற பித்தானிலோ தட்டினால் தாள் சூடாகும். மூன்று நிலை உண்டு. இருபது நிமிஷத்தில் தானாக நின்றுவிடும்.

ஏன் கண்ணாடியாகச் செய்தீர்கள் என்று முதல் நாளே கேட்டேன். அவர் சொன்ன பதில் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

“துணியைச் சுத்தி ஒத்தடம் குடுத்தா உள்ள தோல் என்ன ஆகுதுன்னு யாருக்கும் தெரியாதுங்க. இதுல பாத்துக்கிட்டே இருக்கலாம். சிவக்குதா, கொப்புளம் வருதான்னு பாருங்க. பாக்கறதுதான் உங்க வேலை.”

கார்த்திகையில் பதினொரு பெண்கள் கையில் ஒட்டினோம். என்னிடம் ஒரு படிவம். சூடு தெரிகிறதா, இதமா, அதிகமா, தோல் சிவந்ததா, கொப்புளம் உண்டா. ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம். எரிகிற கொட்டையைத் தொட்டுவிட்டு எடுக்கிறவர்கள்தான் எல்லாரும். ஆனால் தொட்டுவிட்டு எடுப்பது வேறு, ஒட்டிக்கொண்டு நிற்கிற சூடு வேறு. இரண்டாம் நிலையிலேயே பாதிப் பேர் நெளிந்தார்கள். மூன்றாம் நிலையில் பத்துப் பேரும் போதும் என்று கழற்றச் சொன்னார்கள். பதினொன்றாவது ஆள் பொன்னுத்தாய் அத்தை. முழங்கைக்குக் கீழே வெளிப்பக்கம் தாள் ஒட்டியிருந்தது. மூன்றாம் நிலையில் வைத்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தேன்.

“இதமா இருக்குத்தா,” என்றாள்.

மற்ற பெண்களுக்கு மூக்கு உடைபட்ட மாதிரி ஆகிவிட்டது. அத்தைக்கு மட்டுமில்லை, எனக்கும் பெருமை தாங்கவில்லை. ராம்நாத் சாருக்குப் போன் போட்டு, எங்கள் ஊரில் ஓர் அம்மாவின் கை இருக்கிறது பாருங்கள் என்று அளந்து விட்டேன். படிவத்தில் ‘இதம்’ என்ற கட்டத்தில் டிக் அடித்தேன். வாராவாரம் அடித்தேன்.

மார்கழி முதல் வாரம் அது நடந்தது. அத்தை வீட்டு வாசலில் வைத்துத் தாளைப் பார்த்தேன். எல்லாருக்கும் தாளுக்கு அடியில் தோல் ஒரே சீராகச் சிவந்திருக்கும். அத்தைக்குச் சுற்றிலும் சிவந்து, நடுவில் ஒரு வடை அளவு இடம் மட்டும் வெளிறிக் கிடந்தது. தேமல் மாதிரி. அந்த வெளிறிய இடத்தில் நீர் கோத்த கொப்புளம் ஒன்று, கட்டைவிரல் நகம் பெரிசு. கண்ணாடிக்குள் வைத்துக் காட்டுகிற மாதிரி அவ்வளவு தெளிவாகத் தெரிந்தது. எத்தனை தடவை போட்டீர்கள் என்று கேட்டேன். ஒரு நாளைக்கு ஒரு தடவைக்கு மேல் போடக் கூடாது என்று சொல்லியிருந்தேன். அவள் ஒவ்வொரு தடவை நின்றதும் மறுபடி மறுபடி பித்தானைத் தட்டியிருக்கிறாள். ஏன் என்றதற்கு முதலில் மழுப்பினாள். பிறகு, சூடு வருதா வரலையா என்றே தெரியவில்லை, வரலை என்று சொன்னால் உன் சார் உன்னைத் திட்டுவாரோ என்று பார்த்தேன் என்றாள்.

இந்த இடத்தில் நான் ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். எனக்கு அப்போதே பட்டது. நான் ஆறாவது படிக்கும்போது பள்ளிக்கூடத்துச் சுவரில் ஒரு படம் மாட்டியிருந்தார்கள். வெளிறிய தேமல், தொட்டால் உணர்ச்சி இல்லை, உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வாருங்கள். வருஷா வருஷம் ஒருவர் வந்து எங்கள் முதுகைப் பார்த்துவிட்டுப் போவார். அந்தப் படத்தில் இருந்த கையும் நான் பார்த்துக்கொண்டிருந்த கையும் ஒன்றேதான். தொழுநோய் என்ற வார்த்தை மனசில் வந்தது. வந்த வேகத்தில் அதைக் கீழே தள்ளி மிதித்தேன்.

ஏன் என்று கேட்டால் காரணம் ரொம்பச் சின்னது. பிப்ரவரியில் திருச்சியில் ஒரு கண்காட்சி. அதில் அத்தையை மேடையில் உட்கார வைத்துக் காட்டப்போவதாகச் சார் சொல்லியிருந்தார். என் யோசனைதான். கொப்புளம் என்று ஒரு டிக் அடித்தால் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு மேலிடத்துக்கு எழுத வேண்டும். என் பெயர் கெடும். தெருவில் இரண்டு வருஷம் பட்ட அவமானம் திரும்பி வரும். நான் மஞ்சள் களிம்பு வாங்கி வந்து தடவினேன். தாளை நாலு விரல் தள்ளி ஒட்டினேன், அங்கேயும் இதம் என்றாள். ‘கொப்புளம்: இல்லை’ என்று டிக் அடித்தேன். அதை நினைத்தால்தான் இப்போது எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

கண்காட்சிக்கு அத்தை மாம்பழக் கலர் பட்டுச் சேலை கட்டிக்கொண்டு வந்தாள். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர்களிடமெல்லாம், சூடு தாங்குற கை என்று தன்னைக் கூப்பிட்டிருப்பதாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். கம்பியைப் பிடித்திருந்த வலது கையைப் பார்த்தேன். நாலு விரல் சேர்ந்திருக்க, சுண்டுவிரல் மட்டும் தனியாக விலகி நின்றது. கட்டை அடிக்கும்போதும் இப்போதெல்லாம் பிடி கொஞ்சம் நழுவுகிறது, வயசாகிறது இல்லையா என்றாள். ஆமாம் என்றேன்.

மேடையில் ராம்நாத் சார் தாளைப் பற்றிப் பேசினார். பார்க்க வந்தவர்களில் ஒரு பெண் டாக்டர் இருந்தார். நல்ல கூர்மையான ஆள். அத்தையின் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார். சூடு வந்ததும் சொல்லும்மா, நின்றதும் சொல்லும்மா என்றார். சார் போனை என் கையில் கொடுத்தார். நான் அத்தையின் நாற்காலிக்குப் பின்னால் நின்றேன். பித்தானைத் தட்டினேன்.

மற்ற பெண்களென்றால் பத்து எண்ணுவதற்குள் சொல்லிவிடுவார்கள். பத்து போனது. பதினைந்து போனது. அத்தை கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கழுத்தில் வியர்த்தது. டாக்டர் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு குனிந்தார். இருபது ஆனபோது நான் இருமினேன்.

“வருதுங்க,” என்றாள் அத்தை.

பித்தானை அணைத்தேன். கொஞ்சம் பொறுத்து மறுபடி இருமினேன். கொறையுதுங்க என்றாள். கை தட்டினார்கள். நாங்கள் இரண்டு பேரும் இதைப் பேசி வைத்துக்கொள்ளவே இல்லை. அதுதான் இன்னும் கேவலம். ஒரு வார்த்தை பேசாமல் இரண்டு பேருக்கும் புரிந்துவிட்டது. திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அந்தப் பெண் டாக்டரிடம் நான் வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் போதும், அன்றைக்கே கண்டுபிடித்திருப்பார். நான் ஒன்றுமே செய்யாமல் இருந்தாலே போதும் என்ற இடத்தில் செய்துவிட்டு வந்தேன்.

மார்ச்சில் சோதனை முடிந்தது. தாள்களைத் திருப்பிக் கொடுத்தோம். சார் தன் அறிக்கையில் அத்தையின் கைப்படத்தை முதல் பக்கத்தில் போட்டார். வெயில் காலத்தில் அத்தையின் சுண்டுவிரலும் மோதிர விரலும் உள்பக்கம் மடங்க ஆரம்பித்தன. நிமிர்த்தினால் நிமிரும், விட்டால் மடங்கும். ஆனிக்குள் நிமிர்த்தினாலும் நிமிரவில்லை. கட்டை கையிலிருந்து நழுவி விழுந்தது. ஒருநாள் கவிழ்க்கும்போது சட்டி சாய்ந்து எரிகிற கொட்டை பக்கத்தில் இருந்தவள் காலில் விழுந்தது. அன்றோடு அவளைச் சட்டியிலிருந்து எழுப்பிவிட்டார்கள். பதவி வந்ததும் மிதப்பு, வேலையில் கவனமில்லை என்று பேசினார்கள். அவள் கையை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டு பழைய ஓரத்துக்குப் போனாள். இடது கையாலேயே தோல் உரித்தாள்.

நான் அதையும் பார்த்தேன். பார்ப்பதுதானே என் வேலை. நரம்புத் தளர்ச்சியாக இருக்கும் அத்தை, சத்து மாத்திரை சாப்பிடுங்கள் என்று சொல்லி, மருந்துக் கடையில் ஓர் அட்டை வாங்கிக் கொடுத்தேன். அவள் அதை ஒரு நாள் விடாமல் சாப்பிட்டாள். என்மேல் அவ்வளவு நம்பிக்கை.

ஐப்பசியில் சுகாதாரத் துறையிலிருந்து வீடு வீடாகப் பார்க்க வந்தார்கள். சரவணக்குமார் என்று ஒருவர். பைக்கில் ஒரு பை, பையில் பஞ்சும் ஒரு பேனாவும், அவ்வளவுதான் அவர் கருவி. கொட்டகைக்கே வந்து ஒவ்வொருத்தர் கையையும் பார்த்தார். அத்தை எழுந்து உள்ளே போகப் பார்த்தாள். நாகராசு மாமாதான், வெட்கப்படாம காட்டு என்று உட்கார வைத்தார். சரவணக்குமார் கண்ணை மூடச் சொன்னார். தொட்டால் தொட்ட இடத்தை மறு கையால் காட்டுங்கள் என்றார். நான் நாலு அடி தள்ளி, பாக்கெட் போடுகிற பலகைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

பஞ்சால் தொட்டார். அத்தை அசையவில்லை. பேனா முனையால் தொட்டார். அசையவில்லை. மூடிய கண்ணோடு அவள் முகம் மெதுவாகத் திரும்பியது. நான் நிற்கிற பக்கமாகத் திரும்பியது. இருமிவிடக் கூடாது என்று வாயைப் பொத்திக்கொண்டேன்.

“தெரியலைங்க,” என்றாள் அத்தை. “ரொம்ப நாளாவே தெரியலைங்க.”

அவர் முழங்கை எலும்புக்குப் பின்னால் விரலை வைத்து உருட்டிப் பார்த்தார். அங்கே நரம்பு கயிறு மாதிரி தடித்திருந்தது. எழுதிக்கொண்டார். மறுநாள் ஆரம்ப சுகாதார நிலையம், அங்கிருந்து பெரிய ஆஸ்பத்திரி. நானும் கூடப் போனேன். டாக்டர் பொறுமையாகவே பேசினார். நோய் மாத்திரையில் முழுசாகப் போய்விடும், மாத்திரை அரசாங்கமே கொடுக்கும், சாப்பிட ஆரம்பித்துவிட்டால் யாருக்கும் தொற்றாது என்றார். விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, மடங்க ஆரம்பித்து ஆறு மாசத்துக்குள் வந்திருந்தால் விரலையும் மருந்திலேயே சரிசெய்ய நல்ல வாய்ப்பு இருந்தது, இப்போது அது கஷ்டம் என்றார். எப்போது ஆரம்பித்தது என்று கேட்டார். அத்தை வெயில் காலம் என்றாள். நான் மனசுக்குள் எண்ணினேன். சுண்டுவிரல் விலகி நின்ற கண்காட்சி நாளிலிருந்து எட்டு மாசமாகியிருந்தது.

டாக்டர் சொன்னதெல்லாம் கேட்டுவிட்டு அத்தை ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

“அப்ப இது தொழில்ல வந்த கை இல்லைங்களா?”

டாக்டருக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. வெளியே வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்து அவள் அழுதாள். நோய் வந்ததற்கு அழவில்லை. சட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்த அந்த மூன்று வருஷமும் நோய் உட்கார்ந்தது, தான் உட்காரவில்லை என்று சொல்லிச் சொல்லி அழுதாள். தெரு தன்னை மெச்சிய நேரமெல்லாம் தான் நெல்லுக்கையாகவேதான் இருந்திருக்கிறேன் என்றாள். அந்த வெட்கம் அவளுக்கு. பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு வேறு வெட்கம். அதைச் சொல்ல அன்றைக்கும் வாய் வரவில்லை.

ஊர் என்ன செய்யும் என்று பயந்தோமோ அதைக் கொஞ்சம் செய்தது. பெருவியாதி என்றார்கள். இரண்டு வீட்டில் கொட்டகையைத் தள்ளிப் போட்டுக்கொண்டார்கள். சரவணக்குமார் திரும்பத் திரும்ப வந்து, தெருவில் எல்லார் முன்னாலும் அத்தை வீட்டுத் தண்ணீரை வாங்கிக் குடித்துவிட்டுப் போனார். மெதுவாகப் பேச்சு அடங்கியது. முதல் மாசத்து மாத்திரைக்குச் சிறுநீர் சிவப்பாகப் போனது பார்த்து அத்தை பயந்தாள். தோல் கறுத்தது. முந்திரி எண்ணெய் என்று நினைத்துக்கொள்வார்கள், விடு என்றாள். அந்த அளவுக்குத் தேறினாள்.

ஆனால் அவள் இன்னொன்று செய்தாள். யார் கேட்டாலும், பரிமளாதான் கண்டுபிடித்தாள், அவள் ஒட்டிய கண்ணாடித் தாளில்தான் முதலில் தெரிந்தது, அவள்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள் என்று சொல்லிக்கொண்டு வந்தாள். என் காதுக்கு வந்தபோது மறுக்கலாம் என்று வாயெடுத்தேன். கேட்டவர்கள் முகத்தில் இருந்த மரியாதையைப் பார்த்து அப்படியே மென்று விழுங்கினேன்.

குடியரசு தினத்துக் கிராம சபையில் தொழுநோய் பற்றி ஓர் உறுதிமொழி வாசித்தார்கள். அது முடிந்ததும் தலைவர் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு ஒரு சால்வை போர்த்தினார். படித்த பெண் ஊருக்கு எப்படி உதவ வேண்டும் என்பதற்கு உதாரணம் என்றார். முதல் வரிசையில் அத்தை உட்கார்ந்திருந்தாள். எல்லாரும் கை தட்டினார்கள். அவளால் தட்ட முடியவில்லை. மடங்கிய கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு, இடது கையால் தொடையைத் தட்டினாள். நான் கும்பிட்டுவிட்டு இறங்கினேன்.

அன்று மதியமே அவள் வீட்டுக்குப் போனேன். மாமா ரோட்டோரப் பலகைக்கு விற்கப் போயிருந்தார். அத்தை ஒரு கிண்ணத்தில் எண்ணெய் வைத்துக்கொண்டு, ஆஸ்பத்திரியில் சொல்லிக் கொடுத்தபடி இடது கையால் வலது விரல்களை நீவிக்கொண்டிருந்தாள். சால்வையை அவள் முன்னால் வைத்தேன். உட்காராமல் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். பள்ளிக்கூடத்துச் சுவர்ப் படத்தைச் சொன்னேன். கொப்புளத்துக்கு இல்லை என்று டிக் அடித்ததைச் சொன்னேன். கண்காட்சியில் தெரிந்தேதான் இருமினேன் என்று சொன்னேன். மார்கழியிலேயே சொல்லியிருந்தால் விரல் மடங்கியே இருக்காது அத்தை, என்னால்தான் போனது என்றேன். எல்லார் முன்னாலும் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், இன்றைக்கே சொல்லிவிடுகிறேன் என்று அழுதேன். சொல்லிவிட்டால் பாரம் இறங்கிவிடும் என்று நினைத்தேன். உண்மையில் அதற்காகத்தான் போயிருந்தேன்.

அவள் நீவுவதை நிறுத்தவில்லை.

“நீ இருமினப்பவே தெரியும்த்தா,” என்றாள். “எனக்குச் சூடு தெரியலைங்கிறது ஒனக்குத் தெரியும்னு அன்னைக்கே தெரியும். என்ன வியாதின்னுதேன் எனக்குத் தெரியாது. ஒனக்கு அதுவுந் தெரிஞ்சிருக்குன்னு இன்னைக்குத்தேன் தெரியுது.”

நான் கீழே உட்கார்ந்தேன்.

ஒங்க சாருகிட்ட உள்ளதைச் சொல்லிரு என்றாள். அவர் அந்தத் தாளை நாளைக்கு இன்னொருத்தி கையில் ஒட்டுவார், அவளுக்கும் சூடு தெரியாமல் இருந்தால் என்ன ஆவது என்றாள். சொல்லிவிடுகிறேன் என்றேன். தெருவில் சொல்வதற்கு நான் எழுந்தபோது, மடங்கிய கையாலேயே என் சேலையைப் பிடித்தாள். பிடி நிற்கவில்லை. இருந்தாலும் நின்றேன்.

“தெருவுல வாயைத் தொறக்காத. பரிமளா கண்டுபிடிச்சு சொன்னுச்சுன்னு நாந்தேன் சொல்லிக்கிட்டுத் திரியிறேன், ஒனக்காகச் சொல்லலை. இங்கிட்டு எவளுக்குச் சூடு தெரியலைன்னாலும் அதைப் பெருமையாத்தேன் வச்சிருப்பா. டாக்டருகிட்ட சொல்ல மாட்டா, புருசன்கிட்ட சொல்ல மாட்டா. ஒங்கிட்ட வருவா. நீ பண்ணுனது தெரிஞ்சா எவளும் ஒன் வாசப்படி ஏற மாட்டா. நீ நல்லவளாவே இரு.” பிறகு விரலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: “மன்னிச்சிட்டேன்னு நெனைச்சுக்கிட்டுப் போகாத. எனக்கு இன்னும் மனசு வரலை.”

மறுநாள் ராம்நாத் சாரிடம் போய்ச் சொன்னேன். அவர் திட்டவில்லை. என் படிவங்களை எல்லாம் எடுத்து மேசையில் வைத்து, ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார். அறிக்கையைத் திரும்ப வாங்கிக்கொள்வதாக எழுதினார். இனிமேல் தாளை ஒட்டுவதற்கு முன் பஞ்சால் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று ஒரு வரி எழுதினார். முதல் நாளே அது தனக்குத் தோன்றியிருக்க வேண்டும் என்றார். பிறகு, நீங்க இனிமே வர வேண்டாம் என்றார். அவர் ‘நீங்க’ என்று சொன்னது அன்றைக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது.

தெருவில் நான் வாயைத் திறக்கவில்லை. அத்தை சொன்னபடியேதான் நடந்தது. இதுவரை நாலு பெண்கள் ஒருவருக்கும் தெரியாமல் வந்து என் முன்னால் கையை நீட்டியிருக்கிறார்கள். இரண்டு பேருக்கு ஒன்றுமில்லை. இரண்டு பேரைச் சரவணக்குமாரிடம் கூட்டிப்போனேன். இரண்டு பேரும் சீக்கிரமே வந்துவிட்டார்கள், விரலுக்கு ஒன்றும் ஆகாது என்று சொல்லிவிட்டார்கள். அதில் ஒருத்தி, சுடர்விழி என்று போன வருஷம் வாக்கப்பட்டு வந்தவள், திரும்பி வரும்போது பஸ்ஸில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். பொன்னுத்தாய் அத்தைக்கு நீங்கள் செய்ததைக் கேள்விப்பட்டுத்தான் உங்களிடம் வந்தேன் அக்கா, நீங்கள் இல்லாவிட்டால் அவர்கள் கதி என்ன என்றாள்.

ஆமாம் என்று சொன்னேன்.